அருங்காட்சியகக் கோடைப் பட்டறைக்குப் பிள்ளையை அனுப்பலாமா? (ஊத்துக்கோட்டை, சத்தியவேடு, பூண்டிப் பக்கம்)

கேள்வி, ஏப்ரல் 10

ஆந்திரப் பக்கம் உள்ள நாகலாபுரத்திலிருந்து எழுதுகிறேன். மகள் ஏழாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். அருங்காட்சியகம் ஒன்றில் கோடைப் பட்டறை நடப்பதாகத் துண்டறிக்கை வந்திருக்கிறது. பானை ஓடு, கல்வெட்டு, கற்கருவி, மாதிரி அகழாய்வு என்றெல்லாம் அதில் போட்டிருக்கிறார்கள். சென்ற ஆண்டு என் தம்பி மகன் இதே போன்ற ஒன்றுக்குப் போய், பூந்தொட்டிக்கு வண்ணம் அடித்து எடுத்துக்கொண்டு வந்தான். இது பொழுதுபோக்கு, வரலாறு அல்ல என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

ஏப்ரல் 11

உங்கள் எண்ணத்தில் பாதி சரி. நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். எல்லைப்புறத்தில் இப்படி ஒரு பட்டறையில் ஏழு கோடைகளாக உதவிக்கு நிற்கிறேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அங்கே நடந்த தவறுகளையும் எழுத வேண்டி வரும், அவற்றில் பெரியது என்னுடையது.

நடத்துகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முதல் நாள் பிள்ளையின் கையில் என்ன கொடுப்பீர்கள்? வண்ணத் தூரிகை என்று சொன்னால் மகளைப் பாட்டி வீட்டுக்கே அனுப்பலாம், மாம்பழமாவது கிடைக்கும். பென்சிலும் கட்டத்தாளும் அளவுகோலும் என்று சொன்னால் வெயிலைப் பொருட்படுத்தாமல் அனுப்புங்கள்.

மாதிரி அகழாய்வு என்பதை மட்டும் நான் ஏற்பதில்லை. தொட்டியில் மணலைக் கொட்டி, அதற்குள் நான்கு மண் பொம்மைகளையும் ஒரு பானையையும் புதைத்து, யார் முதலில் எடுக்கிறார்கள் பார்ப்போம் என்று பிள்ளைகளை அவிழ்த்துவிடுவது தொல்லியல் ஆகாது. அது புதையல் வேட்டை. அந்தப் பழக்கத்தை ஒழிப்பதற்காகத்தான் தொல்லியல் என்ற துறையே தோன்றியது என்று சொன்னாலும் மிகையாகாது. மணல்தொட்டி வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்ப வேண்டாம் என்பதே என் முடிவு.

ஏப்ரல் 12

நம் பக்கத்தில் இப்படி ஒரு பட்டறைக்கு என்ன அவசியம் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கீழடியில் நடத்தினால் பொருள் உண்டு, ஊத்துக்கோட்டையில் என்ன இருக்கிறது என்பது அவர் வாதம்.

கீழடியில் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தை நானும் பார்த்து வியந்தவன்தான். ஆனால் அங்கே பேசப்படும் காலம் இரண்டாயிரத்துச் சில நூறு ஆண்டுகள். கொசத்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அகழ்ந்து, கைக்கோடரி என்ற கற்கருவிகளின் காலம் சராசரியாக 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியிட்டார்கள். அதே இடத்தின் மேலடுக்குகளில், பெரிய கைக்கோடரிகள் குறைந்து, கல்லிலிருந்து பெயர்த்த சிறிய செதில்களில் கருவி செய்யும் முறை ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-இல் எழுதினார்கள். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு மீன் வறுவல் தின்னப் போகிறவர்களில் எத்தனை பேர், அருகிலேயே தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1985-இல் அமைத்த தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்குள் நுழைகிறார்கள்?

இத்தனைக்கும் இந்தியாவில் பழைய கற்காலம் என்ற ஒன்று உண்டு என்பதே நம் வட்டாரத்தால் தெரிய வந்தது. இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்திலும் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்.

ஏப்ரல் 13, காலை

திருத்தம். நேற்று இரவு நினைவிலிருந்து எழுதிவிட்டேன். மே 30 பல்லாவரத்துக்கு மட்டும் உரிய நாள். இராணுவ அணிவகுப்புத் திடலை ஒட்டிச் சரளைக்கல் வெட்டியெடுத்த குழியில் கிடைத்தது அந்தக் கல். அத்திரம்பாக்கத்துக்கு அவர் வில்லியம் கிங் என்ற சக நிலவியலாளருடன் வந்தது அதே ஆண்டு செப்டம்பர் 28. நான்கு மாத இடைவெளி. ஒரே நாளில் இரண்டு இடங்களுக்கும் போய்வர அவருக்குப் புறநகர் இரயில் இருந்திருக்க வேண்டும் என்று கிண்டல் செய்தவருக்கு நன்றி. முப்பத்தொரு ஆண்டு பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்தவனுக்கு இது வேண்டியதுதான்.

ஏப்ரல் 19

மணல்தொட்டியின் மீது ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டவருக்கு என் கதையைச் சொல்கிறேன்.

கல்லூரியில் படித்த நாட்களில் நண்பர்களோடு ஏரிகளைச் சுற்றுவது வழக்கம். ஒரு நாள், உள்ளங்கையை முழுவதும் நிறைத்துச் சற்று வெளியே நீளும் பழுப்பு நிறக் கல் ஒன்று கிடைத்தது. இலைபோன்ற வடிவம், இரு முகங்களிலும் செதுக்கிய பள்ளங்கள், ஓரம் முழுவதும் வெட்டு விளிம்பு. கைக்கோடரி என்று எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு எடுத்து வந்தேன். புத்தூரிலிருந்து வந்திருந்த மாமா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார், பிடித்துப்போயிற்று, கேட்டார், கொடுத்துவிட்டேன். அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கல் அத்தையின் ஆவக்காய் ஜாடியில் மாங்காய் மேலே மிதந்து வராமல் அழுத்தும் பாரமாக இருந்தது.

மாமா காலமான பிறகு அத்தையிடம் சொல்லி அதை வாங்கி, நன்றாகக் கழுவி, அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அலுவலர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே எடுத்தது என்று கேட்டார். ஏரிக்கரையில் என்றேன். எந்த ஏரி என்றார். அந்தக் கோடையில் நாங்கள் மூன்று ஏரிகளைச் சுற்றியிருந்தோம். கரையிலா, உள்வாயிலா, ஓடையின் வெட்டுச் சுவரிலா என்றார். பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்றார். எதற்கும் என்னிடம் விடையில்லை. அவர் கோபப்படவில்லை, கடிந்தும் பேசவில்லை. "அழகான கல், சார். ஆனால் இனிமேல் இதனால் எதுவும் சொல்ல முடியாது" என்று மட்டும் சொன்னார். பள்ளிகளுக்கு எடுத்துச் செல்லும் பெட்டியில் அதை வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். மூக்கருகே வைத்தால் கடுகு எண்ணெய் வாசம் வருகிறது என்று நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை.

ஆவக்காய்க்கு நல்லெண்ணெய்தான் என்று மூன்று பேர் திருத்துவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அத்தை கடுகுப் பொடி நிறையச் சேர்ப்பார். அந்த வாசம்.

ஏப்ரல் 21

அப்படியானால் கீழே கிடக்கும் கல்லை எடுப்பதே குற்றமா என்று கேட்கிறார் சத்தியவேட்டு நண்பர். நான் வழக்கறிஞன் அல்ல. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். பத்து ரூபாய்க்கு இன்று ஊத்துக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் ஒரு தேநீர்கூடக் கிடைக்காது, ஆனால் சட்டத்தில் தொகை அதுதான். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய பொருள்களைத் தொல்பொருள் என்கிறது. சட்டத்தை விடுங்கள். பட்டறையில் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது எளிமையானது: எடுக்காதே, படம் எடு, இடத்தைக் குறி, பெரியவரிடம் சொல்.

ஏப்ரல் 28

நடைமுறைக் கேள்விகளுக்கு ஒரே மூச்சில் விடை. பத்து வயதுக்குக் கீழே வேண்டாம், அவர்களுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டின் விளிம்பைப் பார்க்கப் பொறுமை இருக்காது. மே 4 முதல் கத்தரி, ஆகவே வெளிப்புற வேலை காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரைதான். அதற்கு மேல் வெளியே நிறுத்துகிறார்கள் என்றால் சண்டை போடுங்கள். ஆந்திரப் பள்ளிகள் ஏப்ரல் கடைசி வாரத்திலேயே மூடிவிடுவதால் உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மே முதல் வாரத் தொகுதிதான் வசதி. சான்றிதழ் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு, அதில் பிள்ளையின் பெயர் பிழையாக இருப்பதும் உண்டு.

மே 6

கேள்வி கேட்ட அம்மா மகளை அனுப்பிவிட்டார். எனக்கு அது தெரியாது. இன்று மூன்றாம் நாள் பானை ஓடு வரையும் வகுப்பில் ஒரு சிறுமி, "சார், மணல்தொட்டியைத் திட்டி எழுதுபவர் நீங்கள்தானா, அம்மா கேட்கச் சொன்னார்கள்" என்றாள். பெயர் மறைத்து எழுதுவதன் பயன் இவ்வளவுதான்.

பானை ஓட்டை வரைவது எப்படி என்று சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் மொத்தப் பட்டறையிலும் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. பிள்ளைக்கு ஒரு விளிம்புத் துண்டு கொடுக்கப்படும், முழுப் பானை அல்ல. தாளில் ஒரே மையத்தைச் சுற்றிப் பல வட்டங்கள் வரைந்திருப்போம். ஓட்டின் வாயைக் கவிழ்த்து வைத்து, அதன் வளைவு எந்த வட்டத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துகிறது என்று தேட வேண்டும். பொருந்தியவுடன் உடைந்துபோன பானையின் வாய் அகலம் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்துவிடும். கையில் இருப்பது மூன்று விரல் அகலத் துண்டு, தாளில் எழுவது முழுப் பானையின் வாய். இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்; தாங்களே பொருத்திப் பார்த்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். பிறகு விளிம்பின் குறுக்குவெட்டை வரைய வேண்டும், உள்பக்கம் கறுப்பா, வெளிப்பக்கம் சிவப்பா, தடிப்பு எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். கறுப்பு-சிவப்பு ஓட்டை அடையாளம் காண அரை மணி நேரம் போதும். கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்புறமும் கறுத்தன என்ற பரவலான விளக்கத்தைச் சொன்னால், வீட்டில் தோசைக்கல்லைக் கவிழ்த்துப் பார்க்கிறேன் என்கிறார்கள்.

ஓட்டுக்கு என்ன பெயர் என்பதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. ஊத்துக்கோட்டைப் பிள்ளைகள் ஓடு, சில்லு என்றார்கள். சத்தியவேட்டுப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் தெலுங்கில் பெங்கு என்றார்கள். பதிவேட்டில் மூன்றையும் எழுதிக்கொண்டோம்.

மே 7

நேற்று விட்டுப்போனது. அகழாய்வுகளில் வட்டச் சில்லுகள் ஏராளமாகக் கிடைக்கும். உடைந்த ஓட்டின் ஓரத்தை உரசி வட்டமாக்கியவை. அவற்றைப் பலகையில் அடுக்கி வைத்திருந்தோம். உங்கள் மகள் அவற்றைப் பார்த்துவிட்டு, "இதை எதற்குக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறீர்கள், எங்கள் வாசலில் நாலு கிடக்கிறதே" என்றாள். பாண்டி ஆடும் சில்லைச் சொல்கிறாள். உங்கள் ஊரில் தொக்குடு பில்ல. ஆசிரியர்கள் எல்லாரும் சிரித்தோம். பிறகு யோசித்தால், அவள் கேட்டது நல்ல கேள்வி. வட்டமாக உரசியதெல்லாம் விளையாட்டுக் காய்தான் என்று நாம் எப்படிச் சொல்கிறோம்? சிறு கலயத்துக்கு மூடியாக இருக்கலாம், எடையாக இருக்கலாம். ஆகவே மறுநாள் வேலையை மாற்றினோம்: பிள்ளைகள் தத்தம் வீட்டுச் சில்லைக் கொண்டுவந்து, அளந்து, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, பழையதோடு ஒப்பிட வேண்டும். ஒருத்தியின் சில்லு கழிவறை ஓட்டுத் துண்டு. அதையும் அளந்தோம்.

மே 14

கல்வெட்டு வகுப்பு. இதற்காகத்தான் இந்த ஆண்டு முழுவதும் காத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும், ஆனால் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை, வேறொன்று நடந்தது.

உண்மையான கல்வெட்டில் பிள்ளைகளைக் கைவைக்க விடுவதில்லை. அதற்கு உரிய அனுமதியும் பயிற்சியும் வேண்டும். சிற்பி ஒருவரைக் கொண்டு வரியெழுத்து வெட்டிய புதிய பலகைக்கல்லில்தான் மைப்படி எடுக்கக் கற்றுத் தருகிறோம். கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, அரை ஈரத்தில் மைப்பொதியால் ஒற்றி எடுக்க வேண்டும். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். கத்தரி வெயிலில் தாள் ஐந்து நிமிடத்தில் காய்ந்து உரிந்துவிடுவதால் காலை ஏழு மணிக்கே தொடங்கினோம்.

மைப்படி காய்ந்ததும் அதைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் படியெடுக்க வேண்டும். எங்களிடம் இருபத்து நான்கு பிள்ளைகள். தமிழ்வழியில் படிப்பவர்கள் பதினைந்து பேர், தெலுங்குவழியில் படித்து வீட்டில் தமிழ் பேசுபவர்கள் ஒன்பது பேர். இவர்களுக்குத் தமிழ் எழுத்து அரைகுறையாகத்தான் தெரியும், ஆகவே பின்தங்குவார்கள் என்று நினைத்து அவர்கள் பக்கத்தில் இரண்டு ஆசிரியர்களை நிறுத்தியிருந்தேன்.

இடைக்காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் கொம்பு ஒன்றேதான், காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். எங்கள் பலகைக்கல்லையும் அந்த முறையிலேயே வெட்டச் சொல்லியிருந்தேன். தமிழ்வழிப் பிள்ளைகள் பதினைந்து பேரில் பதினொருவர், கல்லில் இல்லாத புள்ளிகளைத் தாளில் வைத்திருந்தார்கள். சொல்லைப் படித்துவிட்டார்கள், படித்ததை எழுதினார்கள். தெலுங்குவழிப் பிள்ளைகள் ஒன்பது பேரில் ஒருவர்கூடப் புள்ளி வைக்கவில்லை. அவர்களுக்கு அது சொல் அல்ல, உருவம். கண்ணில் பட்டதை அப்படியே வரைந்திருந்தார்கள்.

இதைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு ஆசிரியர்களையும் தமிழ்வழிப் பிள்ளைகள் பக்கம் அல்லவா நிறுத்தியிருக்க வேண்டும்! அடுத்த மணி நேரத்தில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குத் தெலுங்குவழிப் பிள்ளைகளைச் சரிபார்ப்பவர்களாக அமர்த்தினேன். "இங்கே சுக்க இல்லை, அழி" என்று ஒரு பையன் அதட்டிக்கொண்டே இருந்தான். சுக்க என்றால் தெலுங்கில் புள்ளி.

வாசிப்பதில் தமிழ்வழிப் பிள்ளைகள் முந்தியது உண்மைதான். ஸ்வஸ்திஸ்ரீ என்ற கிரந்தத் தொடக்கத்தை மட்டும் இரு தரப்பும் சேர்ந்து திணறியது.

மே 15

திருமலைக் கல்வெட்டுகள் தெலுங்கில் இருக்கும்போது ஆந்திரப் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கல்வெட்டு எதற்கு என்று ஒருவர். ஐயா, திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில்தான் இருக்கின்றன. காளத்தியிலும் சோழர் கல்வெட்டுகள் உண்டு. மாநில எல்லை நேற்று வந்தது, கல் அதற்கு முன்பே அங்கே நட்டிருந்தது. இதற்கு மேல் இந்தத் திசையில் போனால் திருத்தணி யாருக்கு, திருப்பதி யாருக்கு என்று தொடங்கிவிடுவோம், ஆகவே இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

மே 18

இன்று உலக அருங்காட்சியக நாள். மின்சாரம் இல்லை. நீர்மோர் இருந்தது.

மே 22

என் தவறைச் சொல்வதாக ஏப்ரலில் எழுதியிருந்தேன். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

2019 கோடையில் கற்கருவி செய்யும் வகுப்பு என் பொறுப்பு. நம் பக்கத்து மலைகளில், முக்கியமாகக் குடியம் குகைகள் இருக்கும் அல்லிக்குழிப் பக்கம், குவார்ட்சைட் என்ற கடினப் பாறையின் உருண்டைக் கற்கள் மண்ணோடு இறுகிய பாறைகள் உண்டு. அவை சிதைந்து உதிர்ந்த உருண்டைக் கற்கள் ஓடைகளில் அடித்து வந்து எங்கும் பரவிக் கிடக்கின்றன. கற்கால மக்கள் இங்கே இவ்வளவு காலம் நிலைத்ததற்கு அது ஒரு காரணம். ஆகவே மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. கல் சுத்தியலால் உருண்டையின் ஓரத்தில் செங்கோணத்துக்குக் குறைந்த சாய்வில் அடித்தால் செதில் பெயரும். அடி விழுந்த இடத்துக்குக் கீழே செதிலில் சிறு புடைப்பும், உருண்டையில் அதற்கு இணையான பள்ளமும் விழும். தானாக உடைந்த கல்லில் இந்தப் புடைப்பை அரிதாகத்தான் பார்க்க முடியும். மனிதக் கையைத் தேடும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். இவையெல்லாம் எனக்குத் தெரியும். கண்ணாடியும் கையுறையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். கால்சட்டைக்கு மேலே தடித்த தோல் விரித்தேன்.

ஆனால் வகுப்பை ஏரிக்கரை ஆலமரத்தடியில் நடத்தினேன். நிழல் இருந்தது, காற்று இருந்தது, புகைப்படத்துக்கும் நன்றாக இருந்தது. கீழே தார்ப்பாய் விரிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் பதினெட்டுப் பிள்ளைகள் குவார்ட்சைட்டைத் தட்டித் தட்டி நூற்றுக்கணக்கான செதில்களைக் கரை முழுவதும் சிதறவிட்டார்கள். முடித்து, கைதட்டி, மோர் குடித்துக் கலைந்தோம்.

கற்கருவி கிடைக்கும் வட்டாரத்தில், மேற்பரப்பில் கருவிகள் பொறுக்கப்பட்ட ஓர் ஏரியின் கரையில், நானே ஒரு போலிக் கற்காலத்தை உண்டாக்கிவிட்டு வந்திருக்கிறேன். அன்றிரவே உறைத்தது. மறுநாள் கோணிப்பையோடு போனேன். வகுப்புக்கு முன் உருண்டைகளை எடை பார்த்துப் பதிவேட்டில் எழுதியிருந்தோம் என்பது ஒன்றே ஆறுதல்: மொத்தம் 14 கிலோ 600 கிராம். அரைகுறைக் கைக்கோடரிகளையும் பொறுக்கிய செதில்களையும் சேர்த்து நிறுத்தபோது 12 கிலோ 900 கிராம் வந்தது. பொடியாக உதிர்ந்ததற்கு 300 கிராம் கழித்தாலும், 1 கிலோ 400 கிராம் கற்காலம் ஏரிக்கரையில் கிடக்கிறது.

அந்த ஆண்டு முதல் சிமெண்டுத் தரையில், தார்ப்பாய் மேலேதான் தட்டுகிறோம். செய்த ஒவ்வொரு கருவியின் மேலும் அழியாத பச்சை வண்ணத்தில் ஆண்டைக் குறிக்கிறோம். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் கைக்கோடரியை நாளை யாராவது கொல்லையில் எறிந்தாலும் குழப்பம் வராது. ஒவ்வொரு மே மாதமும் நான் அந்த ஆலமரத்தடிக்குப் போய்க் கொஞ்சம் பொறுக்கி வருகிறேன். சென்ற ஆண்டு வரை இன்னும் 530 கிராம் பாக்கி.

மே 25

ஏப்ரல் 11-இல் மணல்தொட்டியைப் பற்றி எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

இந்த ஆண்டு எனக்குத் தெரியாமலே இளைய ஆசிரியை ஒருவர் ஒரு தொட்டி கட்டியிருந்தார். கீழே செம்மண், நடுவில் ஏரிக் கரிசல், மேலே ஆற்று மணல் என மூன்று அடுக்கு. பொம்மை எதுவும் இல்லை. உடைந்த சட்டி ஒன்றின் துண்டுகள், இரண்டு எலும்பு, கொஞ்சம் கரி, அவ்வளவுதான். கொத்தனாரின் கரண்டி போன்ற சிறு கரண்டியால் மண்ணைச் சுரண்டி, ஒவ்வொரு அடுக்கும் முடிந்ததும் நிறுத்தி, நூல் கட்டிய சதுரத்தில் ஒவ்வொரு பொருளின் இடத்தையும் ஆழத்தையும் வரைந்த பிறகுதான் அதை எடுக்கலாம். நான் வீம்பாக ஓரத்தில் நின்றேன்.

அடியில் செம்மண் அடுக்கில், சட்டித் துண்டுகளுக்கும் கீழே, சோடா பாட்டில் மூடி ஒன்று வந்தது. பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் ஆசிரியையைப் பார்த்தேன், அவர் வாய் திறக்கவில்லை. கீழே இருப்பது பழையது என்று காலையில்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். இருபது நிமிட வாக்குவாதம். சோடா பழைய காலத்திலேயே இருந்தது என்றான் ஒருவன். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் உங்கள் மகள் தன் வரைபடத்தைப் பார்த்து, மூடி கிடந்த சதுரத்தில் மட்டும் கரிசல் அடுக்கு நேராக இல்லை, அதற்குள் மணல் ஒரு குழாய்போல இறங்கியிருக்கிறது, நான் வரைந்திருக்கிறேன் பாருங்கள் என்றாள். எலிவளை! ஆசிரியை மூங்கில் குழாயைச் செருகி உருவி, மணல் நிரப்பிச் செய்து வைத்திருந்தார். அவள் வரையாமல் தோண்டியிருந்தால் அந்த மணல் குழாய் பத்து நிமிடத்தில் காணாமல் போயிருக்கும், மூடியின் மர்மம் மர்மமாகவே நின்றிருக்கும்.

ஆகவே திருத்திய கருத்து: யார் முதலில் எடுக்கிறார்கள் என்ற போட்டித் தொட்டிக்கு அனுப்ப வேண்டாம், எலிவளை வைத்த தொட்டிக்கு அனுப்பலாம். துண்டறிக்கையில் எலிவளை என்று போட மாட்டார்கள், நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.



   

மே 30

பட்டறை முடிந்துவிட்டது. பல்லாவரத்துக் கல் கிடைத்த அதே தேதி என்று இறுதி நாள் உரையில் சொன்னேன், இந்த முறை அத்திரம்பாக்கத்தைச் சேர்க்காமல். குடியம் குகைக்கு அழைத்துப் போகவில்லையே என்று இரண்டு பெற்றோர் வருத்தப்பட்டார்கள். அது காட்டு வழி நடை, கத்தரியில் பிள்ளைகளோடு முடியாது. தை மாதத்தில் பார்க்கலாம். 

ஜூன் 8

ஆந்திரப் பள்ளிகள் திறக்க இன்னும் சில நாட்கள் இருப்பதால், நாகலாபுரத்து அம்மாவும் மகளும், இன்னும் மூன்று பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் இன்று காலை என்னோடு ஆலமரத்தடிக்கு வந்தார்கள். பாக்கிச் செதில்களைப் பொறுக்கத்தான். ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்தோம். கரையை நூல் கட்டி எட்டுச் சதுரமாகப் பிரித்தோம். எதையும் உடனே எடுக்கவில்லை. கிடந்த இடத்தைத் தாளில் குறித்து, புடைப்பு இருக்கிறதா, முகம் புதிதாகப் பளிச்சிடுகிறதா, பழுப்பேறி மழுங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே எடுத்தோம். என் செதில்கள் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நேற்று உடைந்தவைபோலவே கூராக இருக்கின்றன.

இருபத்தாறு செதில்கள், 318 கிராம். பாக்கி 212.

ஏழாம் சதுரத்தில் ஒன்று கிடைத்தது. ஒரு முகம் பழுப்பேறியது, மறு முகம் புத்தம் புதியது, புடைப்பு இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். 2019-இல் எங்கள் பிள்ளை ஒருவர் மேல்தோலோடு பெயர்த்த செதிலாக இருக்கலாம். பழைய கல்லின் மேல் டிராக்டர் சக்கரம் ஏறி உடைந்ததாகவும் இருக்கலாம். அம்மா அதை எடுத்துப் பையில் போடப் போனார். மகள் கையைப் பிடித்துத் தடுத்தாள். எடை குறையட்டும், சார், இதைச் சேர்க்க வேண்டாம் என்றாள்.

அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். தாளில் ஏழாம் சதுரம், ஆலமரத்தின் தென்கிழக்கு வேரிலிருந்து 3 மீட்டர் 40 சென்டிமீட்டர், ஐயத்துக்குரியது என்று எழுதினாள். கல் அங்கேயே இருக்கிறது.